ஒற்றைக் கோல் வாத்தியார்



இந்த மாதச் சுவர் இதழில் சாதனையாளர் வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. காந்தியடிகள், காமராஜர், மேரி கியூரி, கலாம் ஐயா என்று நம் நண்பர்கள் ஏற்கெனவே நிறைய பேரைப் பற்றி அழகாக எழுதிவிட்டார்கள். அதனால் நான் கொஞ்சம் தூரமாகப் போய் ஆஸ்திரியா நாட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. நமக்குப் புதுப் பெயராக இருக்கலாம். ஆனால் பனிச்சறுக்கு விளையாடும் நாடுகளில் இவர் பெயர் பெரிய பெயர். மலைச் சரிவில் பனிச்சறுக்குச் செய்யும் கலைக்கே இவரைத் தந்தை என்கிறார்கள். போர் வீரர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர். கடைசியில் எந்தப் பனியைப் பற்றிப் பாடம் எடுத்தாரோ, அதே பனிக்குள் புதைந்து எழுந்து வந்தவர்.

பனி என்றால் என்ன?

நம்ம ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அதுதான். வெயில் வந்தால் போச்சு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனி என்பது வேறு. பஞ்சு மாதிரி விழுந்து, ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காலை வைத்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விடும். அதன் மேல் நடக்கத்தான் சறுக்குப் பலகை.

அது எப்படி வேலை செய்கிறது? நம் அறிவியல் பாடத்தில் வரும் அழுத்தம்தான் விஷயம். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் நிற்கிறான். இரண்டு பாதமும் சேர்ந்து சுமார் 400 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 125 கிராம் எடை அழுத்தும். அதே மாணவன் 180 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பலகைகளின் மேல் நின்றால், பரப்பு சுமார் 2500 சதுர செ.மீ. ஆகிவிடும். இப்போது ஒரு சதுர செ.மீ. மேல் வெறும் 20 கிராம்தான். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! அதனால்தான் புதைவதில்லை.

இந்த வித்தை நார்வே நாட்டுக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷமாகத் தெரியும். அங்கே 1747-லேயே சறுக்குப் பலகை கட்டிய படைப்பிரிவுகள் இருந்தன. 1767-இல் அந்த வீரர்களுக்குப் பரிசு வைத்துப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் நார்வேயில் பெரும்பாலும் மெதுவாக ஏறி இறங்கும் நிலம். ஆல்ப்ஸ் அப்படி இல்லை, செங்குத்து. அந்த நீளமான பலகையோடு அங்கே இறங்கினால் நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. மரத்தில் மோதிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறப்பும் படிப்பும்

மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி 1856-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் மொராவியா என்ற பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது. வீடு நிறையப் பிள்ளைகள் இருந்த குடும்பத்தில் இவர் கடைக்குட்டி. இளம் வயதிலேயே ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவருக்குத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு யாராவது வீசும் பந்தைப் பிடித்துப் பாருங்கள், புரியும். அப்படிப்பட்டவர்தான் பின்னாளில் செங்குத்தான பனிச்சரிவில் வேகமாக இறங்கினார்.

ஸ்டார்ஸ்கி ஆசிரியர் வேலைக்குப் படித்தார், ஆசிரியராகவும் இருந்தார். ஓவியம் வரைவார், சிலை செதுக்குவார், உடற்பயிற்சியில் கெட்டிக்காரர். 1889-இல் வியன்னா நகருக்குத் தென்மேற்கே லிலியன்ஃபெல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு பண்ணையை வாங்கிக்கொண்டு தனியாகக் குடியேறினார். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் எளிமையான வாழ்க்கை.

தானே குரு, தானே சீடன்

அந்தச் சமயத்தில் நார்வே வீரர் நான்சென் 1888-இல் சறுக்குப் பலகையில் கிரீன்லாந்து தீவைக் குறுக்கே கடந்த செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. அதைப் படித்த ஸ்டார்ஸ்கி நார்வேயிலிருந்து ஒரு ஜோடி பலகை வரவழைத்தார். வந்த பலகையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பண்ணை வாசலிலேயே சரிவு. இறங்கினார், விழுந்தார். மறுபடி இறங்கினார், மறுபடி விழுந்தார்.

அப்புறம்தான் ஸ்டார்ஸ்கி பலகையை ஆராய ஆரம்பித்தார். முதலில் அதை வெட்டிக் குறைத்து 180 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தார். அடுத்தது காலைப் பலகையோடு பிணைக்கும் கட்டு. நார்வேப் பலகையில் கால் விரல் பக்கம் மட்டும் வார் இருக்கும். குதிகால் அப்படியும் இப்படியும் ஆடும். சரிவில் பலகை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். ஸ்டார்ஸ்கி விதவிதமான கட்டுகளைச் செய்து பார்த்துக் கடைசியில் இரும்புத் தகடும் சுருள்வில்லும் வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் குதிகால் மேலே தூக்கலாம், பக்கவாட்டில் ஆடாது. இப்போது கால் சொன்ன பேச்சைப் பலகை கேட்டது.

மூன்றாவது, இறங்கும் முறை. பலகையின் பின்பக்கத்தை வெளியே தள்ளி விரித்து, அதன் விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறையும், திரும்பவும் வரும். கையில் ஒரே ஒரு நீளமான கோல், ஊன்றிக்கொள்ள. அவ்வளவுதான். இதையெல்லாம் படிப்படியாக விளக்கி, படங்களோடு 1896-97 வாக்கில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மலைச் சரிவில் பனிச்சறுக்குக்கு எழுதப்பட்ட முதல் பாடநூல் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஸ்டார்ஸ்கியிடம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கண்டுபிடித்ததை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் வியன்னாவிலிருந்து ரயில் ஏறி லிலியன்ஃபெல்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். கடைக்காரர், குமாஸ்தா, மாணவர், பெண்கள், வயதானவர்கள், எல்லோரும்தான். ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஆயுளில் சுமார் 20,000 பேருக்குக் கற்பித்தார் என்கிறார்கள்.

வகுப்பில் கட்டுப்பாடு கடுமை. நம்ம பி.டி. மாஸ்டர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும்! வரிசையில் நில், சொன்னால் திரும்பு, சொன்னால் நில். முதலில் எழுந்து நிற்பது, பிறகு விழுவது எப்படி என்பது, அப்புறம்தான் இறங்குவது. வேகத்தைக் காட்டி வித்தை செய்வது அவருக்குப் பிடிக்காது. யாரும் அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் அவர் வகுப்பின் முதல் விதி.

1905-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் அங்கே முக்கன்கோகல் என்ற மலையில் ஸ்டார்ஸ்கி ஒரு போட்டி நடத்தினார். அந்த மலையின் உயரம் சுமார் 1,250 மீட்டர், நம்ம ஏற்காட்டை விடக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் கொடிக்கம்பம் நட்டு 85 வாசல்கள். 24 பேர் கலந்துகொண்டார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. வாசல்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே ஸ்லாலம், அதற்கு இதுதான் ஆரம்பம்.

ஒரு கோலா, இரண்டு கோலா?

பெரியவர்களின் குறையையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஸ்டார்ஸ்கி பிடிவாதக்காரர். நார்வேக்காரர்கள் தங்கள் முறைதான் சிறந்தது என்றபோது, வாருங்கள், செங்குத்துச் சரிவில் இறங்கிக் காட்டுங்கள் என்று சவால் விட்டார். பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது.

அப்போது ஆஸ்திரிய ராணுவத்தில் கேயார்க் பில்கேரி என்று ஒரு அதிகாரி இருந்தார். அவரும் வீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்பித்தவர், பெரிய திறமைசாலி. பில்கேரி ஸ்டார்ஸ்கியின் முறையையும் நார்வே முறையையும் கலந்து, இரண்டு கைக்கும் இரண்டு கோல் கொடுத்தார். கட்டையும் மாற்றினார். தன் கண்டுபிடிப்பைக் கெடுத்துவிட்டார் என்று ஸ்டார்ஸ்கிக்குக் கோபம். ஸ்டார்ஸ்கி திட்டி எழுதியதில் பில்கேரிக்கு அதைவிடக் கோபம். ஒற்றைக்கு ஒற்றை ஆயுதச் சண்டைக்கு அழைப்பு விடும் அளவுக்கு விஷயம் முற்றியது. நல்லவேளை, சண்டை நடக்கவில்லை. கடைசியில் உலகம் இரண்டு கோலைத்தான் ஏற்றுக்கொண்டது. ஸ்டார்ஸ்கி மட்டும் ஒற்றைக் கோலை விடவேயில்லை.

மலையில் போர்

1914-இல் முதல் உலகப்போர் வந்தது. 1915 மே 23-ஆம் நாள் இத்தாலி ஆஸ்திரியாவின் மேல் போர் தொடுத்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவே எல்லையாக நின்றது ஆல்ப்ஸ் மலை. அதனால் போர் மலை உச்சிக்கு ஏறியது. நம்ம தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்கே 3,000 மீட்டருக்கும் மேலே வீரர்கள் குளிர்காலம் முழுக்கக் காவல் இருந்தார்கள். பீரங்கியைப் பிரித்துத் தோளிலும் கயிற்றிலும் மேலே கொண்டுபோனார்கள். மர்மோலாடா என்ற மலையின் பனிப்பாறைக்கு உள்ளேயே சுரங்கம் குடைந்து, தூங்கும் அறை, சமையல் அறை என்று ஒரு ஊரே கட்டினார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் துப்பாக்கி சுடத் தெரிந்தால் மட்டும் போதுமா? சமவெளியிலிருந்து வந்த சிப்பாய் முதலில் பலகையில் நிற்கப் பழக வேண்டும். மூட்டை, துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும், இறங்க வேண்டும். கை விரல் உறைந்து கறுத்துப் போகாமல் காத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சரிவில் கால் வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று தெரிய வேண்டும். ஆபத்தான சரிவில் எல்லோரும் கும்பலாகப் போகாமல் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். பனிச்சரிவு வந்தால் ஒருவர் போனாலும் மற்றவர்கள் தோண்டி எடுக்க மிச்சம் இருப்பார்கள் அல்லவா, அதற்காகத்தான்.

ஸ்டார்ஸ்கிக்கு அப்போது 60 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வாக வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் ராணுவத்துக்கு மலை ஆலோசகராகவும் ஆசிரியராகவும் கரிந்தியா என்ற எல்லைப் பகுதிக்குப் போனார்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி வந்தது. யாரும் அடிபடக்கூடாது என்று பாடம் நடத்திய மனிதர் போருக்கு ஆள் தயார் செய்யலாமா? நான் யோசித்துப் பார்த்தேன். போரை ஆரம்பித்தது அவர் இல்லை. அதை நிறுத்தும் சக்தியும் அவரிடம் இல்லை. ஆனால் அந்த மலையில் நின்ற பையன்களைக் குண்டு மட்டும் கொல்லவில்லை, பனியும் கொன்றது. பனியிடமிருந்து காப்பாற்ற அவருக்குத் தெரியும். அதனால் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அடுத்த இதழில் எழுதுங்கள்.

1916 பிப்ரவரி 28

அறுபதாவது பிறந்தநாள் முடிந்து மூன்றே நாள். பனிச்சரிவில் சிக்கியவர்களை மீட்கப் போன இடத்தில் இன்னொரு பனிச்சரிவு வந்து ஸ்டார்ஸ்கியையே அடித்துக்கொண்டு போனது.

பனிச்சரிவு என்பது எப்படி வருகிறது தெரியுமா? பழைய பனி இறுகி வழவழப்பாகக் கிடக்கும். அதன் மேல் புதுப்பனி கனமாக விழும். காற்றும் பனியை அள்ளிவந்து ஒரே பக்கம் குவிக்கும். அடிப்பிடிப்பு இல்லாமல் அப்படியே நிற்கும் அந்தப் பாளம், ஒரு ஆள் மிதித்தாலும் போதும், பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஓடும்போது மாவு மாதிரி இருக்கும். நின்றவுடன் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சுவிடக் காற்று கிடையாது. முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு.

ஸ்டார்ஸ்கியை உயிரோடு எடுத்தார்கள். ஆனால் எலும்பு முறிவும் மூட்டு விலகலுமாக உடம்பில் 80 இடம்! பனி அவரை முறுக்கிப் பிழிந்திருந்தது. உள்ளே கிடந்தபோது நினைவு தப்பாமல், தன் எலும்புகள் ஒவ்வொன்றாக முறிவதை உணர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். பின்னால் அதையும் ஒரு பாடம் மாதிரி எழுதி வைத்தார்.

அதே வருஷம் டிசம்பர் 13-ஆம் நாள், மர்மோலாடா மலையடிவாரத்தில் ஆஸ்திரிய வீரர்களின் முகாம் மேல் ஒரு பெரிய பனிச்சரிவு விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த சுமார் 270 பேர் அந்த ஒரே காலையில் இறந்துபோனார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

மறுபடி எழுந்தார்

அறுபது வயதில் எண்பது இடத்தில் அடிபட்டால் நாம் என்ன நினைப்போம்? இனிமேல் கட்டில்தான் என்றுதானே? ஸ்டார்ஸ்கி அப்படி இருக்கவில்லை. கோணிப்போன கை கால்களை நீட்டி மடக்கிப் பழகத் தானே கருவிகள் செய்துகொண்டார். சறுக்குப் பலகைக்குக் கட்டு கண்டுபிடித்த அதே மூளை, இப்போது தன் உடம்புக்கு வைத்தியம் கண்டுபிடித்தது. வலியோடு பழகிப் பழகி நடந்தார். நாளடைவில் பலகை கட்டி மறுபடி பனியில் இறங்கினார்!

பனிமேல் கோபமும் படவில்லை, பயந்து ஒதுங்கவும் இல்லை. ஏன் சரிகிறது, எப்போது சரிகிறது என்று ஆராய்ந்து 1929-இல் பனிச்சரிவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பார்க்கச் சாதுவாகக் கிடக்கும் வெள்ளைப் பனியை ஒருபோதும் நம்பிவிடாதீர்கள் என்பதுதான் மலை ஏறுபவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை.

அவர் பிறந்த பேரரசு 1918-இல் போரோடு சேர்ந்து உடைந்துபோனது. இரண்டாவது உலகப்போரும் ஆரம்பித்த பிறகு, 1940 ஜூன் 20-ஆம் நாள் தமது 84-ஆம் வயதில் காலமானார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கேயோ ஆஸ்திரியா, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டு ராணுவத்துக்கும் பனிமலைப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. காஷ்மீரில் குல்மார்க் என்ற இடத்தில் 1948-இல் பனிச்சறுக்குப் பள்ளியாக ஆரம்பித்தது; இன்று உயர்மலைப் போர்ப் பள்ளி என்று பெயர். சியாச்சின் பனிமலைக்குக் காவல் போகும் வீரர்களும் அங்கே போகும் முன்பு பனியில் நடக்க, ஏற, புதைந்தவரை மீட்கப் பயிற்சி பெறுகிறார்கள்.

2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே ஒரு காவல் முகாம் மீது பனிப்பாளம் சரிந்தது. உள்ளே இருந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். நான்கு பேர் நம் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர்கள். பனி என்றால் மார்கழிப் பனி மட்டுமே தெரிந்த ஊர்களிலிருந்து போனவர்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள், அவரும் பிப்ரவரி 11-ஆம் நாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். ஸ்டார்ஸ்கி புதைந்த அந்த பிப்ரவரிக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து வந்த பிப்ரவரி அது. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் பனி இன்னும் பொல்லாததுதான். அதனால்தான் பாடம் நிற்கவே கூடாது.

தகவல் துளிகள்

★ மலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் உள்ளே புகுந்து குளிர் காற்றிலிருந்து தப்பிக்கும் ஒரு துணிப் பையை ஸ்டார்ஸ்கி உருவாக்கினார். மலை ஏறுபவர்களும் மீட்புக் குழுவினரும் இன்றும் அந்த மாதிரிப் பையை எடுத்துப் போகிறார்கள். ஜெர்மன் மொழியில் அதன் பெயரே ஸ்டார்ஸ்கி பை.

★ லிலியன்ஃபெல்டில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

★ இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் பனிச்சறுக்கு கற்க வரும் குழந்தைக்கு முதல் பாடம், பலகையின் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பதுதான். கோலில் தோற்ற ஸ்டார்ஸ்கி இதில் ஜெயித்துவிட்டார்!

நண்பர்களே, எத்தனையோ தளபதிகளின் வரலாறு நம் நூலகத்தில் இருக்கிறது. எத்தனை பேரை வென்றார்கள் என்று அதில் எழுதியிருக்கும். இந்த ஒற்றைக் கண் வாத்தியார் எத்தனை பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. படித்தவர்கள் கீழே உள்ள வெற்றுத் தாளில் உங்கள் கருத்தை எழுதிவிட்டுப் போங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு